கேள்வியைத் தீர்மானிப்பது யார்? குடியேறிகளின் சுகாதாரமும் சமூகம் சார்ந்த ஆய்வும்

வினாக்கொத்தோடு வீட்டு வாசலுக்கு வருபவர்களை எமது ஊர்களில் காணாதவர்கள் இல்லை. வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, என்னென்ன நோய்கள், கடைசியாக எப்போது வைத்தியசாலைக்குப் போனீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அந்தத் தகவல்களுக்கு என்ன நடந்தது, அதனால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று பின்னர் யாரும் வந்து சொல்வதில்லை. ஒரே குடும்பம் மூன்று நான்கு ஆய்வுகளுக்குப் பதில் சொல்லியிருக்கும். ஒன்றின் முடிவையும் கண்டிருக்காது.

குடியேறிகளாகவும் அகதிகளாகவும் வேறு நாடுகளில் வாழ்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக நடக்கின்றது. மொழி புரியாது, சட்டம் தெரியாது, கேள்வி கேட்பவர் அரசாங்கத்தின் ஆளா என்ற பயமும் இருக்கும். அவர்களைப் பற்றி ஏராளமான அறிக்கைகள் எழுதப்படுகின்றன. ஆனால் புதிய நாட்டுக்கு வரும்போது ஆரோக்கியமாக இருந்தவர்கள் கூட, ஆண்டுகள் செல்லச் செல்ல நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் என்று நோயாளிகளாவதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் அவதானித்திருக்கின்றார்கள். வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கலாம். ஆனால் அது தமக்கான இடம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லாவிட்டால் அதனால் பயனில்லை.

இந்த நிலையை மாற்றுவதற்கான ஒரு வழியாகவே 'சமூகம் சார்ந்த பங்கேற்பு ஆய்வு' என்ற முறை வளர்ந்தது. அதைச் செய்வதாலும் செய்யத் தவறுவதாலும் என்ன விளைகின்றது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாழும் சோமாலிய முஸ்லிம்களின் அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது.

ஆசிரியர்களுக்குத் தெரிந்த ஒரு முறை

ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர்களுக்கு 'செயல்நிலை ஆய்வு' புதிய சொல்லல்ல. வகுப்பில் சில பிள்ளைகள் வாசிக்கப் பின்னிற்கிறார்கள் என்றால், ஆசிரியரே காரணத்தைத் தேடுகிறார், ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கிறார், பலனை அவதானித்து மீண்டும் திருத்துகிறார். ஆய்வு செய்பவரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒருவரே.

இந்த முறைக்குப் பெயரிட்டவர் கேர்ட் லெவின் என்ற உளவியலாளர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர். 1946 இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் பொருளே செயல்நிலை ஆய்வும் சிறுபான்மையினரின் பிரச்சினைகளும் என்பதுதான். பிற்காலத்தில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயின் சிந்தனைகளும் இதனோடு சேர்ந்தன. 1998 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா இஸ்ரேலும் அவரது சகாக்களும் சுகாதாரத் துறைக்கான அடிப்படை விதிகளைத் தொகுத்து எழுதினார்கள்.

விதிகள் எளிமையானவை. எதை ஆராய்வது என்பதைத் தீர்மானிக்கும்போதே சமூகத்தவர்கள் மேசையில் இருக்க வேண்டும். கேள்விகளை அமைப்பதிலும், தகவல் திரட்டுவதிலும், அதற்குப் பொருள் காண்பதிலும் அவர்களுக்குப் பங்கிருக்க வேண்டும். முடிவுகள் முதலில் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். ஆய்வுப் பணத்திலும் பயிற்சியிலும் ஒரு பகுதி அந்தச் சமூகத்துக்குள் தங்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் உறவு முடிந்துவிடக் கூடாது.

மினியாபொலிஸ் பெற்றோரின் கேள்வி

1991 இல் சோமாலியாவின் அரசாங்கம் கவிழ்ந்து உள்நாட்டு யுத்தம் மூண்டதும் இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். கென்யாவின் அகதி முகாம்களில் காலம் கழித்த பலர் தொண்ணூறுகளின் ஆரம்பத்திலிருந்து மினசோட்டாவில் குடியேற்றப்பட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே மிகப் பெரிய சோமாலியச் சமூகம் அங்குதான் இருக்கின்றது. மினியாபொலிஸ் நகரின் சீடர் றிவர்சைட் பகுதியைக் 'குட்டி மொகதிஷு' என்றே அழைப்பார்கள்.

2008 அளவில் அங்குள்ள சோமாலியப் பெற்றோர் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். ஓட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கான பாடசாலை வகுப்புகளில் தமது பிள்ளைகள் அதிகமாக இருந்தார்கள். சோமாலிய மொழியில் ஓட்டிசத்துக்கென ஒரு சொல்லே இருக்கவில்லை. 'எமது நாட்டில் நாங்கள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இங்கு வந்த பிறகு எமது பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வருகின்றது?' இதுவே அவர்களின் கேள்வி.

மாநில சுகாதாரத் திணைக்களம் 2009 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த வகுப்புகளில் சோமாலியப் பிள்ளைகளின் விகிதம் மற்றவர்களை விட அதிகம் என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அது வகுப்பில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை மாத்திரமே. சமூகத்தில் உண்மையாக எத்தனை பிள்ளைகளுக்கு ஓட்டிசம் உள்ளது என்பதை அதிலிருந்து கூற முடியாது. உரிய ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவர 2013 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெற்றிடத்துக்குள் நுழைந்த பதில்

பதில் இல்லாமல் ஐந்து ஆண்டுகள் கடந்தன. அந்த வெற்றிடத்துக்குள் வேறொருவர் பதிலோடு வந்தார். அவர்தான் அன்ட்ரூ வேக்பீல்ட். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகத்தை 1998 இல் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையால் கிளப்பியவர். அக்கட்டுரையை லான்செட் சஞ்சிகை 2010 இல் மீளப்பெற்றது. அதே ஆண்டு பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து அவரது பெயரும் நீக்கப்பட்டது. அதன் பிறகும் 2010, 2011 காலப்பகுதியில் அவர் மினியாபொலிஸுக்கு வந்து சோமாலியப் பெற்றோரைச் சந்தித்தார். தடுப்பூசிக்கு எதிரான குழுக்களும் அவர்களைத் தேடி வந்தன.

அந்தப் பதில் பொய்யானது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வு உட்படப் பல நாடுகளின் பெரிய ஆய்வுகள், எம்.எம்.ஆர். ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்று காட்டியிருக்கின்றன. ஆனால் பெற்றோருக்கு அது ஏன் உண்மை போலத் தெரிந்தது என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இத்தடுப்பூசியின் முதலாவது தடவை 12 முதல் 15 மாதங்களுக்குள் கொடுக்கப்படுகின்றது. பிள்ளை பேசத் தொடங்கவில்லையே, பேசிய சொற்களையும் மறக்கிறதே என்று பெற்றோர் கவலைப்படத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் போலத் தோன்றுகின்றது.

அதிகாரிகள் 'தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னது சரிதான். ஆனால் பெற்றோர் கேட்டது 'எமது பிள்ளைகளுக்கு ஏன் வருகின்றது?' என்று. கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, கொடுக்கப்பட்ட பதில் வேறொன்றுக்கு. பெற்றோரின் கேள்விக்கே நேராகப் பதில் சொல்வது போல் பேசியவர்கள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் மட்டுமே.

இதன் விலையை எண்களில் பார்க்கலாம். 2004 இல் மினசோட்டாவின் சோமாலியக் குழந்தைகளில் 92 வீதமானோர் உரிய வயதில் எம்.எம்.ஆர். பெற்றிருந்தார்கள். 2014 இல் அது 42 வீதமாக வீழ்ந்தது. இவர்கள் எல்லாத் தடுப்பூசிகளையும் வெறுத்தவர்கள் அல்லர். பயம் இந்த ஒரு தடுப்பூசியைச் சுற்றியே இருந்தது. 2011 இல் மினியாபொலிஸை உள்ளடக்கிய ஹெனபின் கவுண்டியில் சின்னமுத்து பரவி 21 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2017 ஏப்ரலில் மீண்டும் தொடங்கி ஓகஸ்ட் வரை நீடித்த பரவலில் 75 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தடுப்பூசி பெறாத சோமாலியச் சிறுவர்கள்.

ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

2013 இல் வெளியான மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வு 7 முதல் 9 வயது வரையான மினியாபொலிஸ் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தது. சோமாலியப் பிள்ளைகளில் 32 பேரில் ஒருவருக்கும், வெள்ளையினப் பிள்ளைகளில் 36 பேரில் ஒருவருக்கும் ஓட்டிசம் அடையாளம் காணப்பட்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எமக்கு மட்டும்தான் வருகிறது என்ற எண்ணத்துக்கு இது ஒரு பதில்.

ஆனால் பெற்றோரின் கவலை வெறும் கற்பனை அல்ல என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஓட்டிசம் உள்ள சோமாலியப் பிள்ளைகளிடம் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருப்பது மற்ற எல்லாக் குழுக்களையும் விட அதிகமாக இருந்தது. இரண்டு வயதளவிலேயே கண்டறியக்கூடிய ஒரு நிலை, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் சராசரியாக ஐந்து வயதளவிலேயே உறுதி செய்யப்பட்டது. ஏன் என்ற கேள்விக்கு இந்த ஆய்வாலும் விடை சொல்ல முடியவில்லை. எத்தனை பேர் என்பதை எண்ணுவதே அதன் நோக்கமாக இருந்தது. முன்னரே பெற்றோரோடு அமர்ந்து, எதை எண்ணப் போகிறோம், எது இதற்குள் அடங்காது என்று பேசியிருந்தால் ஐந்து ஆண்டுக் காத்திருப்பு இவ்வளவு வெறுமையாக இருந்திருக்காது.

2017 இல் சின்னமுத்து பரவியபோது சுகாதாரத் திணைக்களம் சோமாலிய மொழி பேசும் சுகாதாரப் பணியாளர்களையும் இமாம்களையும் முன்னிறுத்தியது. பள்ளிவாசல்களிலும் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களிலும் வீடுகளிலும் பேசினார்கள். தாய்மாரோடு தாய்மாராக அமர்ந்து ஓட்டிசத்தைப் பற்றியே முதலில் பேசி, பிறகு தடுப்பூசிக்கு வந்தார்கள். அந்த மாதங்களில் தடுப்பூசி போட வந்த சோமாலியப் பிள்ளைகளின் எண்ணிக்கை பன்மடங்கு கூடியது. ஆனால் பரவல் ஓய்ந்த பின் அந்த வேகம் நீடிக்கவில்லை. 2022 இலும் 2024 இலும் மினசோட்டாவில் மறுபடியும் சின்னமுத்து பரவியது. ஆபத்து நேரத்தில் மட்டும் சமூகத்தைத் தேடி வருவது போதாது என்பதே இதன் பாடம்.

ஒரு பாடசாலையில் தொடங்கிய கூட்டு முயற்சி

அதே மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் வேறொரு அனுபவம் உண்டு. உலகப் புகழ்பெற்ற மேயோ கிளினிக் அமைந்திருக்கும் நகரம் அது. அங்கு ஹோதோர்ன் கல்வி நிலையம் என்ற வளர்ந்தோர் பாடசாலையில் சோமாலியா, கம்போடியா, தென் சூடான், மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலம் கற்கிறார்கள். 2004 இல் இந்தப் பாடசாலையும் சமூக அமைப்புகளும் மேயோ கிளினிக்கின் வைத்தியர்களும் சேர்ந்து 'ரொச்செஸ்டர் ஆரோக்கிய சமூகக் கூட்டமைப்பு' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் பிரச்சினை காசநோய்.

வழமையான முறையில் என்றால் வைத்தியர்கள் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக் கொடுத்திருப்பார்கள். இங்கு சமூகத்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமாகக் கற்பவர்களோடு குழுக் கலந்துரையாடல்கள் நடத்தப்பட்டன. காசநோய் ஆபத்தானது என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. தடையாக நின்றவை வேறு விடயங்கள். நோய் இருப்பது தெரிந்தால் மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற வெட்கம், எப்படித் தொற்றுகிறது என்பது பற்றிய தவறான எண்ணம் ஆகியவையே அவை. எனவே அவர்களின் மொழிகளில், அவர்களைப் போன்றவர்களே தோன்றும் காணொளி தயாரிக்கப்பட்டது. பரிசோதனையும் வைத்தியசாலையில் அல்லாமல் பாடசாலையிலேயே நடத்தப்பட்டது. தினமும் வந்து போகும், ஆசிரியரை நம்பும் இடத்தில் நடந்ததால் மக்கள் முன்வந்தார்கள்.

அடுத்ததாக அந்தக் கூட்டமைப்பு குடும்பங்களின் உணவு, உடற்பயிற்சி பற்றிய திட்டமொன்றை நடத்தியது. சமூகத்திலிருந்து தெரிவு செய்யப்பட்டுப் பயிற்சி பெற்றவர்கள் வீடுகளுக்கே சென்று வழிகாட்டினார்கள். பிறகு அதை முறையாக மதிப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களின் உணவுப் பழக்கம் மேம்பட்டிருந்தது. பிள்ளைகளிடம் அதே அளவு மாற்றம் இல்லை. உடற்பயிற்சியில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. இதை மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள்.

மதிப்பீடு என்பதன் பொருள் இதுதான். 'கணிப்பீடும் மதிப்பீடும்' என்ற பாடம் எல்லா ஆசிரியர்களுக்கும் நினைவிருக்கும். பிள்ளை எத்தனை புள்ளி பெற்றது என்று அளப்பது ஒன்று. அந்தப் புள்ளி பிள்ளையைப் பற்றியும் எமது கற்பித்தலைப் பற்றியும் என்ன சொல்கிறது என்று தீர்ப்பது மற்றொன்று. எமது ஊர்களில் நடக்கும் பல சமூகத் திட்டங்களின் அறிக்கைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. எத்தனை செயலமர்வுகள், எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள், எத்தனை பொதிகள் வழங்கப்பட்டன என்பதே அவற்றில் இருக்கும். மக்களின் வாழ்க்கையில் என்ன மாறியது, எது மாறவில்லை, ஏன் மாறவில்லை என்ற கேள்விகள் இருப்பதில்லை.

சமூகத்தவர்களிடம் கேட்டால் விடை மிகச் சாதாரண இடத்தில் கிடைப்பதும் உண்டு. சீடர் றிவர்சைட்டில் சோமாலியச் சிறுமிகள் விளையாட்டில் குறைவாக ஈடுபடுவது ஏன் என்று பார்த்தபோது, ஹிஜாபோடும் நீண்ட ஆடையோடும் கூடைப்பந்து விளையாடச் சிரமப்படுவது ஒரு முக்கிய காரணமாகத் தெரிந்தது. பல்கலைக்கழகத்தின் ஆடை வடிவமைப்புத் துறையோடு சேர்ந்து அச்சிறுமிகளே தமக்கான விளையாட்டு உடையை வடிவமைத்து 2015 இல் அறிமுகப்படுத்தினார்கள். 'இவர்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை' என்று முடிவு கட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

சமத்துவத்துக்கும் சமநீதிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் இருக்கின்றது. மைதானத்தை எல்லோருக்கும் திறந்து வைப்பது சமத்துவம். சிலரால் ஏன் உள்ளே வர முடியவில்லை என்று கேட்டு அந்தத் தடையை நீக்குவது சமநீதி.

குறைகளும் உண்டு

இந்த முறையை மந்திரக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்குக் காலம் எடுக்கும். நிதி கொடுப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவைக் கேட்பார்கள். நம்பிக்கையைக் கட்டியெழுப்பவே அவ்வளவு காலம் தேவைப்படும். அடுத்து, சமூகம் என்றால் யார் என்ற கேள்வி எழும். கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஊரின் பெரியவர்களும் ஆண்களும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுமாக இருப்பார்கள். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாயின் பிரச்சினையை அவர்கள் அறியாமல் இருக்கலாம். பெயருக்கு இரண்டு பிரதிநிதிகளை மேசையில் உட்கார வைத்துவிட்டு, முன்னரே எடுத்த முடிவுக்குக் கையொப்பம் வாங்குவதையும் சிலர் பங்கேற்பு என்று அழைப்பார்கள்.

சமூகம் சொல்வதெல்லாம் சரி என்பதும் இதன் பொருளல்ல. மினியாபொலிஸ் பெற்றோரின் கேள்வி நியாயமானது. தடுப்பூசிதான் காரணம் என்று அவர்களில் பலர் நம்பியது பிழையானது. கேள்வியை மதிக்கவும் பிழையைப் பொறுமையாகத் திருத்தவும் தெரிந்திருப்பதே நல்ல ஆய்வாளரின் பண்பு. நல்ல ஆசிரியரின் பண்பும் அதுவே.

எமக்கு இதில் என்ன இருக்கின்றது?

எமது குடும்பங்களிலும் புலம்பெயர்ந்து உழைப்பவர்கள் இருக்கின்றார்கள். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகவும் சாரதியாகவும் தொழிலாளியாகவும் போகிறவர்கள், புறப்படுவதற்கு முன் வைத்திய பரிசோதனைக்கு முகம் கொடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனை கேட்பது, இவரால் அந்த நாட்டுக்கு நோய் வருமா என்பதை. அங்கே வெயிலிலும் ஓய்வின்மையிலும் தனிமையிலும் இவருக்கு என்ன நோய் வரும் என்பதை அது கேட்பதில்லை. திரும்பி வந்த பிறகு அவரைப் பரிசோதித்துப் பார்க்குமாறும் எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. இங்கும் கேள்வியைத் தீர்மானிப்பவர் வேறொருவரே.

இலங்கை 2013 இல் தேசிய புலம்பெயர்வுச் சுகாதாரக் கொள்கையொன்றை வெளியிட்டது. வெளிநாடு செல்வோர், நாட்டுக்குள் வருவோர், உள்நாட்டில் இடம்பெயர்வோர் ஆகியோரோடு, இங்கு விட்டுச் செல்லப்படும் குடும்பத்தினரையும் அது உள்ளடக்குகின்றது. 2017 பெப்ரவரியில் புலம்பெயர்ந்தோரின் சுகாதாரம் பற்றிய உலகளாவிய கலந்தாலோசனை கொழும்பிலேயே நடைபெற்றது. எனவே கொள்கை எம்மிடம் இருக்கின்றது. கிராமத்து மட்டத்தில், தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் ஆசிரியர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் பாட்டிமாரும்தான். அவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு பாடசாலை, ஒரு பள்ளிவாசல் நிர்வாகம், அப்பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தொடங்கலாம். பெண்கள் தனியாகப் பேசுவதற்கு இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும்.

நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட காலத்தில், பாதிக்கப்பட்ட மக்களின் குரலைக் கேட்காமல் சுகாதாரத்தின் பெயரில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் எத்தனை குடும்பங்களை வைத்தியசாலைக்குப் போகவே பயப்பட வைத்தது என்பதை நாம் கண்டோம்.

ஆகவே அடுத்த முறை வினாக்கொத்தோடு யாராவது எமது வாசலுக்கு வந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம், கேட்டதற்கெல்லாம் தலையாட்டி அனுப்பிவிடவும் வேண்டாம். பதில் சொல்வதற்கு முன் நாமும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தக் கேள்விகளை அமைத்தது யார்? முடிவுகளை எமக்கு எப்போது, எந்த மொழியில் சொல்வீர்கள்? அதற்குப் பிறகு இந்த ஊரில் என்ன மாறும்? நேர்மையான ஆய்வாளர் இவற்றால் கோபப்பட மாட்டார்.